புளூபெர்ரிப் பூவும் வாடகைத் தேனீயும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் புளூபெர்ரி பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்காக லாரி லாரியாக வாடகைத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கும். ஆனால் அந்தப் பூவுக்குத் தோதான ஆள், உடல் பருத்து ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீதான். பூ தலைகீழாகத் தொங்கும். மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளை. பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவிட்டால், உப்பு டப்பாவைக் குலுக்கியதுபோல் மகரந்தம் வயிற்றில் கொட்டும். நம் கத்தரிப் பூவும் இதே ரகம்தான். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. குளிரடித்தால் வெளியே வரவும் யோசிக்கும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பக்கம் இன்னொரு கூத்து. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ, மகரந்தத்தைத் தொடாமலே பூவின் பக்கவாட்டில் கீறித் தேனைத் திருடும். அதே ஓட்டையில் பெட்டித் தேனீயும் வாய் வைக்கும்!

அப்புறம் எதற்கு வாடகை? எண்ணிக்கைக்காகத்தான். பெட்டியில் பல்லாயிரம் தேனீ. பூக்கும் நேரத்தில் பம்பிள் கூட்டத்தில் பெரும்பாலும் ராணிகள் மட்டுமே வெளியே சுற்றும்.