இரண்டரைச் சுற்று

அக்டோபர் 4, குன்னூர்

காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட்டின் ரிப்போர்ட் வந்துவிட்டது. பிள்ளைக்கு இரண்டு காதிலும் ஒன்றும் கேட்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பர்லியார் வரைக்கும் இவர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அக்டோபர் 5

நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கையை விட்டால் ஒரு பக்கமாகச் சாய்கிறான். காய்ச்சலில் இளைத்துப்போனதால் என்று நினைத்தேன். இல்லையாம். உடம்பு சாயாமல் நிற்க உதவுகிற பாகமும் உள்காதில்தான் இருக்கிறதாம். மூளைக்காய்ச்சல் இரண்டையும் சேர்த்தே கெடுத்துவிட்டது. கண்ணால் பார்த்துப் பழகிப் பழகி நடந்துவிடுவான், பயப்படாதீங்க என்றார் டாக்டர். எங்கள் வாசலில் படி, படி முடிந்தால் சரிவு. இந்த ஊரில் சமதரைக்கு எங்கே போவேன்?

அக்டோபர் 7

பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், "சொந்தத்துல கட்டினீங்கல்ல, அதான்." அத்தை முகம் சுண்டிப்போயிற்று. சொந்தத்தில் கட்டி, பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகள் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை வந்தால் காது போகும். பிறந்ததும் மஞ்சள் காமாலை மிஞ்சினால் போகும். சில ஊசி மருந்துகளாலும் போகும். ஆனால் என் பிள்ளைக்குக் கேட்டது. மேட்டுப்பாளையம் ரயில் கூவினால் ஜன்னலுக்கு ஓடுவான். ஆகஸ்ட் வரைக்கும் கேட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 8

மழை.

அக்டோபர் 10

தூக்கமில்லை. டாக்டர் காகிதத்தில் வரைந்து கொடுத்த நத்தை தலையணைக்கடியில் இருக்கிறது. காக்ளியா, உள்காதில் நத்தை மாதிரிச் சுருண்ட பாகம். இரண்டரைச் சுற்று. உள்ளே நீர், அதில் சத்தத்தை வாங்குகிற சுமார் 15,000 மயிர்செல்கள். செத்தால் திரும்ப முளைக்காது. ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள உள்ளே ஏதாவது மிச்சமிருக்க வேண்டுமே. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைக்கிற இம்பிளாண்ட் அப்படியில்லை. செத்த செல்களைத் தாண்டி நேரே நரம்புக்கே மின்சாரமாகக் கொடுத்துவிடும். இதுவரைக்கும் புரிந்தது. அடுத்துச் சொன்னதுதான் தூங்கவிடவில்லை. மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் அந்தச் சுற்றுக்குள் எலும்பு வளர ஆரம்பிக்கலாமாம், சில வாரங்களிலேயே. அடைத்துவிட்டால் கம்பி உள்ளே போகாது. மற்ற பிள்ளைகளுக்கு ஹியரிங் எய்ட் போட்டு மாதக்கணக்கில் பார்ப்போம், இவனுக்கு அந்த அவகாசம் இல்லை என்றார்.

பிள்ளை பக்கத்தில் தூங்குகிறான். உள்ளே எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறதா?

அக்டோபர் 13

வருமானச் சான்றிதழ். ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால்தான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில் இருக்கிறாராம். நாளைக்கு வாங்க என்றார்கள். எலும்பு நாளை வரை நிற்குமா?

அக்டோபர் 15

கிடைத்தது.

அக்டோபர் 16

மண்சரிவு. மேட்டுப்பாளையம் ரோடு அடைப்பு. காலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகலாம் என்கிறார். இரவே கிளம்புகிறோம்.

அக்டோபர் 17

இடது காதில் நீர் தெளிவாக இருக்கிறது. வலதில் அடிச்சுற்றில் மங்கல் ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பித்தேவிட்டது.

அக்டோபர் 20

நியூமோகாக்கல் தடுப்பூசி. இம்பிளாண்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம், அதனால் முன்கூட்டியே போடுகிறார்கள். மூளைக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதுமே கை நடுங்கிவிட்டது. ராத்திரி எழுந்து எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 24

இடது காதில் ஆபரேஷன் முடிந்தது. கம்பி முழுசாக உள்ளே போயிற்று. நரம்பு பதில் கொடுக்கிறதா என்று தியேட்டரிலேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார்கள், கொடுக்கிறதாம். அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 2

தையல் பரவாயில்லை. மொட்டைத் தலையில் முடி அரும்புகிறது.

நவம்பர் 14

இன்று இம்பிளாண்டை ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். காதுக்கு மேலே கருவி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டம். காது கேட்பதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் பெண் கம்ப்யூட்டரில், கம்பியில் மின்சாரம் கொடுக்கிற எலக்ட்ரோடுகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். குட்டி மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சட்டென்று கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. அப்புறம் ஒரே அழுகை. "அழட்டும்க்கா, கேட்குதுன்னு அர்த்தம்" என்றாள். அவனுக்குப் பழைய சத்தமாக இது இருக்காதாம். 15,000 செல்கள் செய்த வேலையை 22 எலக்ட்ரோடு செய்கிறது, மூளைதான் பழகிக்கொள்ள வேண்டும். கேட்டுப் பழகிய பிள்ளை என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்றாள். இதை இவரிடம் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நவம்பர் 19

நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கருவிக்கு ஈரம் ஆகாது. ராத்திரி கழற்றி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கிறேன். துணியே காயாத ஊர், டப்பா மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் படுக்கிறேன்.

கேட்கிறதா என்று பார்க்க வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஊ-வுக்குத் திரும்பினான்! ஸ்-க்கு இன்னும் இல்லை.

நவம்பர் 23

வலது காது. திட்டத்தில் ஒரு காதுக்குத்தான் என்றார்கள். இன்னொன்றை நாமே வைப்பதென்றால் லட்சக்கணக்கில். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இவர் தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 24

வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். டாக்டரிடம் கேட்க வேண்டியது: அடிச்சுற்று அடைத்திருந்தாலும் துளைத்துப் பாதிக் கம்பியாவது