கிளிநொச்சியை முதலாவதாப் போட்டதுக்கு நான் பட்ட பாடு

கம்பஸுக்கு எடுக்கிற வெட்டுப்புள்ளி வந்திட்டுது. யாழ்ப்பாணக் கம்பஸ், கிளிநொச்சியில இருக்கிற விவசாய பீடம், நான் முதலாவதாப் போட்டதே கிடைச்சிட்டு. இப்ப சிரிச்சுக்கொண்டு எழுதிறன், ஆனா கம்பஸ் போர்ம் நிரப்பின அந்த மூண்டு கிழமையும் எங்கட வீட்டில ஒருத்தரும் ஒருத்தரோடயும் ஒழுங்காக் கதைக்கேல்ல. அடுத்த பட்ச் பிள்ளையளுக்கு உதவும் எண்டு நடந்ததை நடந்தபடி எழுதிறன்.

நான் ஏ.எல்லில பயோ. றிசல்ட் வந்த அண்டைக்கே மெடிசினுக்கு எட்டாது எண்டு தெரிஞ்சிட்டு, டென்டலும் இல்ல, வெட், அதுதான் மிருக வைத்தியம், மட்டும் கரையில நிக்குது, வந்தாலும் வரும். உடன கனடாவில இருந்து பெரியப்பா வைபரில வந்திட்டார். "ரெண்டாந்தரம் எடுக்கச் சொல்லு, இல்லாட்டி வெட்டாவது போடச் சொல்லு, பேருக்கு முன்னால டொக்டர் எண்டு வருமெல்லே." நான் நாயைக் கண்டா மதில் ஏறுற ஆள். அம்மாவுக்கு அதொண்டும் பிரச்சினையில்ல, "சித்த மருத்துவமும் டொக்டர் தானே, அது படிப்பிக்கிற கைதடி கிட்டத்தான்" எண்டு தொடங்கிட்டா. விவசாயம் தான் படிக்கப்போறன் எண்டு நான் சொன்னதும் பக்கத்து வீட்டு ரிட்டயர் ஆன மாஸ்டர் கேட்டார் பாருங்கோ ஒரு கேள்வி, "அதுக்கு ஏன் பிள்ளை கம்பஸ், கொப்பரோட தோட்டத்தில நிண்டாக் காணுமே?" கடைசியில எல்லாருமாச் சேந்து ஒரு முடிவுக்கு வந்தினம், விவசாயம் எண்டாலும் பரவாயில்ல, பேராதனை எண்டாத்தான் வெளியில சொல்லலாம்.

பேராதனையைக் குறை சொல்ல ஒண்டுமில்ல. நாட்டிலயே பழைய விவசாய பீடம், மச்சாள் அங்க படிக்கேக்க ஒருக்காப் போய் நிண்டனான், மகாவலியும் மரமும் மழையும் எண்டு அந்த வடிவுக்கே நாலு வருசம் இருக்கலாம். ஆனா எனக்கு வேணுமெண்டது வேற. எங்கட வீடு உரும்பிராய்ப் பக்கம், செம்மண், வெங்காயம், கிணத்துத் தண்ணி. கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, மேல போடுற பசளை எல்லாம் அதுக்குள்ளால இறங்கிக் கிணத்துக்குப் போய் தண்ணியில நைத்திரேற்று கூடுது எண்டு ரியூசன் சேர் ஒருநாள் சும்மா ஒரு கதையாச் சொன்னவர், அண்டையில இருந்து எனக்கு அது தான் மண்டைக்குள்ள. அப்ப வறண்ட வலயத்தில, இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற மண்ணில படிக்கிறதை விட்டிட்டு ஏன் மழைநாட்டுக்குப் போகோணும்? இதைச் சொன்னா "உனக்கு வீட்டை விட்டுப் போகப் பயம்" எண்டு சொல்லுகினம். அதுவும் கொஞ்சம் உண்மை தான், அம்மாவுக்குப் பிரஷர், கிழமைக்கு ஒருக்கா வீட்ட வரலாம் எண்டதையும் கணக்கில எடுத்தனான், எடுத்தா என்ன பிழை?

சரி, ஒருக்கா நேர பாப்பம் எண்டு அப்பாவும் நானும் விடிய வவுனியா பஸ்ஸில ஏறினம். பீடம் இருக்கிற அறிவியல் நகரில இறக்கிவிடுங்கோ எண்டு கொண்டக்டருக்குச் சொல்லித்தான் ஏறினது, அந்தாள் பாட்டைப் போட்டிட்டு மறந்துபோச்சு, முறிகண்டியில பிள்ளையாருக்கு நிப்பாட்டேக்க தான் "அட நீங்கள் இன்னும் இறங்கேல்லயோ" எண்டு கேட்டார். அப்பா தேங்காய் ஒண்டு அடிச்சு, கச்சான் ஒரு சரை வாங்கி, ஓட்டோ பிடிச்சுத் திரும்பிப் போனா கேற்றடியில செக்குரிட்டி அண்ணை சிரிக்கிறார். அண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு! கலண்டரில சிவப்புப் போட்டிருக்கிறதை வீட்டில நாலு பேரில ஒருத்தரும் பாக்கேல்ல. கச்சானைத் திண்டுகொண்டு வீட்ட வந்தம்.

அடுத்த கிழமை திரும்பப் போனம், இந்தமுறை அங்க மூண்டாம் வருசம் படிக்கிற ஒரு அக்காவுக்குச் சொல்லிப்போட்டு. அவ தான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவ. நான் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்வி, கிழமைக்கு எத்தினை நாள் வெளிக்களம், ஹொஸ்டல் எப்பிடி, பின்னேரம் பஸ் இருக்கோ, இங்கிலிஷ் மீடியம் எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு. அவவும் ஒண்டையும் மறைக்கேல்ல, "முதல் ஆறு மாசம் லெக்சர் விளங்காம அழுதனான், வெயிலுக்கு முகம் கறுத்துப்போச்சு, கடை கண்ணி எண்டா ரவுனுக்குத் தான் போகோணும்" எண்டு சொன்னா. பீடம் 1990ல கிளிநொச்சியில தொடங்கி, பிறகு சண்டையில இடம்பெயர்ந்து கனகாலம் திருநெல்வேலியில இருந்திட்டுத் திரும்பி வந்தது எண்ட கதையும் சொன்னா.

அப்பா அதுவரைக்கும் வாய் திறக்கேல்ல. வயல்துண்டடியில நிண்டுகொண்டு திடீரெண்டு அவவைக் கேட்டார், "பிள்ளை, எங்கட வெங்காயத்தில தாள் திருகி மஞ்சளாப் போய்ச் சாயுது, கடைக்காரன் தந்த மருந்து ரெண்டு தரம் அடிச்சும் நிக்கேல்ல." அவ மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. எத்தினை போகமா அந்தத் துண்டில வெங்காயமே வைக்கிறியள், விதை வெங்காயம் அதே தோட்டத்தில எடுத்ததோ, தண்ணி இறைக்கிறது விடியவோ பின்னேரமோ எண்டு திருப்பி இவரைக் கேக்கிறா. அப்பா விரல் விட்டு எண்ணிப் பாத்திட்டு "ஆறு போகம்" எண்டார். பிறகு ஒரு சத்தமும் இல்ல. பஸ்ஸில ஆனையிறவு தாண்டேக்க தான் "உந்தப் பிள்ளை கேட்டது ஞாயமான கேள்வி" எண்டு சொன்னார். எனக்கு அதுவே காணும்.

இனித்தான் முக்கியமான விசயம். போர்ம் ஒன்லைனில போடோணும், வீட்டில பிரின்டர் இல்ல, சந்தியில பிரின்ட் எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போனன். அங்க இருந்த அண்ணை என்னைக் கேக்காமலே வெட்டை முதலாவது, பேராதனை விவசாயம் ரெண்டாவது, யாழ்ப்பாணம் மூண்டாவது எண்டு அடிச்சு வச்சிட்டார். கேட்டா "பெரிசைத்தான் தங்கச்சி மேல போடோணும், போன வருச வெட்டுப்புள்ளி ஒழுங்குக்குத் தான் போடுறது, இல்லாட்டி சிஸ்டம் எடுக்காது" எண்டு அடிச்சுச் சொல்லுறார். நானும் ஓமெண்டு ட்ராஃப்ட்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். இரவு கம்பஸ் அனுமதிக் கைநூலைத் திரும்ப வாசிக்கேக்க தான் பகீர் எண்டுது. சிஸ்டம் அப்பிடி ஒண்டும் பாக்காது, நாங்கள் போட்ட ஒழுங்கில மேல இருந்து கீழ வரும், எங்கட இசட் ஸ்கோருக்கு, அதுதான் ஏ.எல் புள்ளியை வச்சுக் கணக்கிடுறது, எது முதல்ல பொருந்துதோ அதைத் தரும், அதுக்குக் கீழ இருக்கிறதைத் திரும்பிப் பாக்காது. கிடைக்காததை மேல போட்டா நட்டம் இல்ல. விருப்பமில்லாததை மேல போட்டு அது கிடைச்சா மாட்டினது மாட்டினது தான், கிடைச்சுப் பதிஞ்சாப் பிறகு ரெண்டாந்தர றிசல்ட்டைக் கொண்டு திரும்ப விண்ணப்பிக்கவும் ஏலாது. விடிய ஏழு மணிக்கே கொமினிகேசன் வாசலில போய் நிண்டனான். அண்ணை முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு தான் மாத்தித் தந்தார், பிரின்டுக்குத் திரும்பவும் காசு எடுத்தார்.

இன்னொரு விசயம், போன வருச வெட்டுப்புள்ளியைப் பாத்து "இது கட்டாயம் வரும்" எண்டு ஒருத்தரும் இருக்காதேங்கோ, அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேற, வருசத்துக்கு வருசமும் மாறும். இடங்களில 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை அடிப்படையில போகும், 55 வீதம் மாவட்ட அடிப்படையில, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதால தான் எந்த மாவட்டத்தில படிச்சனீங்கள் எண்டு பள்ளிக்கூடக் கடிதம் கேக்கினம்.

அந்தக் கடிதத்தில தான் நான் நல்லாச் செத்தன். சோதினைக்கு முந்தின மூண்டு வருசம் எங்க படிச்சது எண்டு காட்டோணும். நான் ஓ.எல் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஏ.எல் வேற பள்ளிக்கூடம், ஏ.எல் ரெண்டரை வருசம் தானே, அப்ப மிச்ச அரை வருசத்துக்குப் பழைய பள்ளிக்கூட அதிபரின்ர கையெழுத்தும் வேணும். ஏ.எல் பள்ளிக்கூடத்தில பத்து நிமிசம். பழைய பள்ளிக்கூடத்துக்கு நாலு தரம் நடந்தனான். முதல்தரம் வெள்ளிக்கிழமை, கிளார்க் லீவு. ரெண்டாந்தரம் அவ இருந்தா, அதிபர் வலயக் கல்விக் கந்தோரில மீட்டிங். மூண்டாந்தரம் ரெண்டு பேரும் இருந்தினம், ஆனா இடாப்பு இருக்கிற அலுமாரித் திறப்பு ஆரிட்டயோ. "இவ்வளவு நாளும் என்ன செய்தனீர் தங்கச்சி, கடைசி நேரத்தில வந்து நிக்கிறீர்" எண்டு எனக்கே ஏச்சு. நாலாந்தரம் கடிதம் கையில கிடைச்சுது, சைக்கிளில ஏறேக்க ஏதோ மனம் சொல்லி விரிச்சுப் பாத்தா விலகின வருசம் பிழை, ஒரு வருசம் முந்திப் போட்டிருக்கு. அப்பிடியே போயிருந்தா நடுவில ஒரு வருசம் நான் எங்கயும் படிக்காத ஆள். திரும்பி ஓடி, கீறிப்போட்டுத் திருத்தினது வேண்டாம் எண்டு அடம்பிடிச்சு, புதுசா எழுதி முத்திரை குத்திக்கொண்டு தான் வெளிக்கிட்டனான். அண்டு பின்னேரமே பதிவுத் தபால். அந்தத் துண்டு இப்பவும் அம்மான்ர சாமிப் படத்துக்குப் பின்னால இருக்கு.

பெரியப்பாவுக்கு அறிவிச்சாச்சு, "ம், வாழ்த்துக்கள்" எண்டு ஒரு மெசேச் வந்தது. மாஸ்டர் தன்ர மாமரத்துக்கு என்ன பசளை போடுறது எண்டு இப்பவே கேக்கத் தொடங்கிட்டார்.

ஓ.எல்லுக்குப் பிறகு பள்ளிக்கூடம் மாறின ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, கைநூல் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காமப் பழைய பள்ளிக்கூடத்துக்கு இப்பவே ஒருக்காப் போட்டு வாங்கோ. வெள்ளிக்கிழமை போகாதேங்கோ.