செம்மண்ணில் ஓர் ஓடுதளம்

எங்களை இறக்கிவிட்ட சிறு விமானம் எழும்பிப் போய்விட்டது. செம்புழுதி அடங்கவே வெகுநேரம் பிடித்தது.

ஆஸ்திரேலியாவில், மேற்குக் குயின்ஸ்லாந்தில் ஒரு மாட்டுப்பண்ணையின் ஓடுதளம். கட்டடம் இல்லை, கழிப்பறை இல்லை, குடிதண்ணீர்க் குழாய்கூட இல்லை. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று. ஒரு தகரக் கொட்டகை, அதன் நிழல். அவ்வளவுதான்.

கொட்டகைக்குள் பழைய பால்மாவு டின்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கழிப்பறைக் காகிதச் சுருள். பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன்.

எங்களை அழைத்துப்போக வந்த பண்ணைக்கார அம்மாவிடம் கேட்டேன். இரவில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் விமானத்தில் வரும் ‘பறக்கும் மருத்துவர்’ இங்கே வந்து இறங்க வேண்டுமே! சுருளை மண்ணெண்ணெயில் நனைத்து, ஓடுதளத்தின் இருபுறமும் டின்களை வைத்துக் கொளுத்துவார்களாம். பிறகு வண்டியை மேலும் கீழும் ஓட்டிக் கங்காருகளை விரட்ட வேண்டும். கடைசியாகக் கொளுத்தியது அவருடைய மகனுக்காக. சொல்லும்போது டின் ஒன்றின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

1928இல் க்ளோன்கரி என்ற ஊரில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் தொடங்கிவைத்த சேவை இது. ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. எத்தனை முறை அந்த நோட்டை நீட்டிக் காபி வாங்கியிருக்கிறேன்! ஒருமுறையும் உற்றுப் பார்த்ததில்லை.

வசதியே இல்லாத இடம் என்று இறங்கியவுடன் வீட்டுக்குச் செய்தி எழுதி வைத்திருந்தேன். சிக்னல் இல்லாததால் அது போகவில்லை.

அழித்துவிட்டேன்.

கிளம்பும் முன் அந்த அம்மா டின்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.