முதல் படம் வைத்துப்போன பாக்கி

இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் 'காட்ஃபாதர் 2', 'டெர்மினேட்டர் 2' என்று அதே நாலைந்து பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். இந்தப் பதிவு அவற்றைப் பற்றியதல்ல. பலரும் தாண்டிப்போன மூன்று ஹாலிவுட் படங்களையும், முடிவுக்காகவே தேடிப் பார்க்கவேண்டிய சில டிவி தொடர்களையும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றின் முடிவையும் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. முதல் பாகம் முடிந்தபோது யாருக்கு என்ன பாக்கி நின்றது? முன்பு நடந்ததையே இன்னும் பெரிய செலவில் திரும்ப நடத்திக் காட்டும் படம் அந்தப் பாக்கியைத் தொடுவதே இல்லை. நல்ல இரண்டாம் பாகம் அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

'சைக்கோ 2' (1983) வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஹிட்ச்காக் இறந்துவிட்டார். அவர் படத்துக்கு இன்னொருவர் தொடர்ச்சி எடுப்பதே அபசாரம் என்று பலர் அதைப் பார்க்காமலேயே ஒதுக்கினார்கள். இயக்கியவர் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின் என்ற ஆஸ்திரேலியர், திரைக்கதை டாம் ஹாலண்ட். முதல் படத்தில் உதவி இயக்குநராக இருந்த ஹில்டன் கிரீன்தான் இதன் தயாரிப்பாளர்.

1960 படத்தின் குளியலறைக் கொலையைக் கறுப்பு வெள்ளையிலேயே காட்டிவிட்டு, அந்த வீட்டின் மீது மெல்ல நிறம் ஏறத் தொடங்கும் இடத்தில் கதை ஆரம்பிக்கிறது. 22 ஆண்டுகள் கழித்து, குணமாகிவிட்டான் என்று நார்மன் பேட்ஸை விடுதலை செய்கிறார்கள். கொலையுண்டவளின் தங்கை லைலா கோர்ட்டிலேயே அதை எதிர்த்துச் சத்தம் போடுகிறாள். ஆண்டனி பெர்கின்ஸும் வேரா மைல்ஸும் அதே பாத்திரங்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இங்கே ஹாலண்ட் செய்த வேலை நுட்பமானது. முதல் படத்தின் கேள்வி, கொலையாளி யார் என்பது. இதில் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை, பதில் ஊருக்கே தெரியும். அதனால் கேள்வியையே மாற்றிவிடுகிறார். இவனுக்குப் பைத்தியம் திரும்புகிறதா, இல்லை யாராவது திரும்ப வரவழைக்கிறார்களா? அவன் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் சீட்டுகளுக்கு நடுவே, செத்துப்போன 'அம்மா' எழுதிய சீட்டு ஒன்று தொங்குகிறது. வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. சீட்டு எழுதுவது லைலாவும் அவள் மகள் மேரியும் என்று தெரியவரும்போது, பார்வையாளர் கொலைகாரன் பக்கம் நின்று பதறிக்கொண்டிருப்பார். அதற்குப் பெர்கின்ஸின் முகம் போதும். ஒரு கத்தியைக் கையில் எடுக்கவே தயங்குகிற அந்த முகம்.

குறை கடைசியில் இருக்கிறது. கடையில் வேலை செய்யும் மிஸஸ் ஸ்பூல் வந்து, உன்னைப் பெற்றவள் நான்தான், கொன்றதும் நான்தான் என்கிறாள். படம் முழுக்க ஓரமாக நின்ற ஒருத்தி கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்ப்பது எழுத்தில் பலவீனம். ஆனால் நார்மன் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்துபோய் மண்வெட்டியால் அடிக்கும் விதம் அந்தப் பலவீனத்தை மறக்கடிக்கிறது. எவ்வளவோ பாடுபட்டுத் தேறியவனை எல்லோரும் சேர்ந்து திரும்பவும் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார்கள். மூன்றாம் பாகம் (1986) ஸ்பூல் பெற்ற தாயில்லை, தாயின் சகோதரிதான் என்று திருத்தி எழுதி, இந்த முடிவின் பாரத்தை இறக்கிவிட்டது. இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது '2010: தி இயர் வி மேக் காண்டாக்ட்' (1984). இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இதில் நம் பக்கத்து விஷயம் ஒன்றும் இருக்கிறது.

இதன் மூல நாவலை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் திரைக்கதை எழுதியது லாஸ் ஏஞ்சலஸில். இருவரும் கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு கொழும்புக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். மின்னஞ்சல் என்ற சொல்லே மக்களிடம் புழங்காத 1983-இல். அந்தக் கடிதங்கள் பின்னர் புத்தகமாகவே வந்தன.

குப்ரிக்கின் '2001' (1968) வைத்துப்போன பாக்கிகள் இரண்டு. வேற்றுக் கிரகச் சக்தி வைத்துப்போன கருங்கல் பலகை என்ன என்பது ஒன்று. டிஸ்கவரி என்ற விண்கப்பலை ஓட்டிய கணினி ஹால் 9000 ஏன் அதிலிருந்த மனிதர்களைக் கொன்றது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் சொல்லப்போனால் மர்மம் உடையும். இரண்டாவது அப்படியல்ல, அது ஒரு இயந்திரக் கோளாறு. காரணம் இருந்தே ஆகவேண்டும். '2010' தன் பலத்தை அங்கேதான் வைக்கிறது. தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் கையாளும்படி ஹாலை உருவாக்கியிருந்தார்கள். பயணத்தின் உண்மையான நோக்கத்தை, மற்றவர்கள் நீள்துயிலில் கிடக்க, கப்பலில் விழித்திருக்கும் இருவரிடமிருந்தும் மறைக்கும்படி மேலிடம் பிறகு அதற்கு உத்தரவு போட்டது. இரண்டு கட்டளையும் ஒன்றோடொன்று மோதின. அந்த இருவர் இல்லாவிட்டால் மறைக்கவேண்டிய தேவையும் இல்லை, பயணத்தைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. கோளாறு ஹாலில் இல்லை, பொய் சொல்லச் சொன்னவர்களிடம் இருந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொல்பவர் டாக்டர் சந்திரா. 1982-இல் வந்த கிளார்க்கின் நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. அப்பட்டமான தமிழ்ப் பெயர். படத்தில் அந்த வேடம் பாப் பாலபனுக்குப் போனது. பெயர் வெறும் ஆர். சந்திராவாகச் சுருங்கியது. பாலபன் அருமையாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் விண்வெளிக் கதைகளிலேயே மிகப் புகழ்பெற்ற கணினியின் ஆசான் ஒரு சந்திரசேகரம்பிள்ளை என்பது திரையில் தெரியாமலே போனது எனக்குத் தீராத வருத்தம்.

கடைசிப் பகுதியின் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் வியாழனை விட்டுக் கிளம்பவேண்டும் என்று எச்சரிக்கை வருகிறது. அவ்வளவு முன்கூட்டிக் கிளம்பினால் சந்திராவும் மற்றவர்களும் வந்த ரஷ்யக் கப்பல் லியோனோவின் எரிபொருள் வீடு திரும்பப் போதாது. எனவே டிஸ்கவரியை லியோனோவோடு பிணைத்து, முதலில் டிஸ்கவரியின் எரிபொருளை எரித்து வேகம் எடுத்துக்கொண்டு, பிறகு அதைக் கழற்றி விட்டுவிட்டு லியோனோவின் எஞ்சினை இயக்குவது என்று முடிவாகிறது. டிஸ்கவரியின் எஞ்சினை ஓட்டவேண்டியது ஹால். கழற்றிவிட்டால் அழியப்போவதும் ஹால். பொறியியல் ஏற்பாடு ஒன்றே நாடகமாகவும் ஆகிவிடுகிறது. மற்றவர்கள் உண்மையைச் சொல்லாதே என்று கெஞ்ச, சந்திரா சொல்லிவிடுகிறார். ஹால் நன்றி சொல்கிறது. பொய்யால் கெட்ட இயந்திரம் உண்மையால் தேறுகிற அந்தக் காட்சிதான் '2001'-இன் பாக்கி முழுதாகத் தீரும் இடம். ஹாலின் குரல் அதே டக்ளஸ் ரெயின் என்பதால் தழுதழுப்பு ஏதும் இல்லாமலேயே நெஞ்சை அடைக்கும்.

பிசகியதும் உண்டு. கதாநாயகன் மனைவிக்கு எழுதும் கடிதமாக வரும் பின்னணிக் குரல், படம் காட்டுவதையே திரும்பச் சொல்கிறது. நாவலில் வியாழனின் நிலாவான யூரோப்பாவில் இறங்கி அழியும் சீனக் கப்பலின் கதை அபாரமானது. அதை வெட்டிவிட்டு அமெரிக்க-சோவியத் போர்ப் பதற்றத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நாவலின் கடைசிச் செய்தி யூரோப்பாவில் இறங்காதீர்கள் என்பதோடு நிற்கும். படத்தில் இந்த உலகங்களைச் சேர்ந்து பயன்படுத்துங்கள், சமாதானமாகப் பயன்படுத்துங்கள் என்று இரண்டு வரி ஒட்டியிருக்கிறது. வேற்றுக் கிரகச் சக்தி பள்ளிக்கூட உபதேசம் செய்வதுபோல் ஆகிவிட்டது. அந்த இரண்டு வரியும் இல்லாவிட்டால் முடிவு இன்னும் உயரமாக நின்றிருக்கும்.

'எக்ஸார்சிஸ்ட் 3' (1990) முடிவை வெளியிலிருந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம். மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே தன் 'லீஜன்' (1983) நாவலை வைத்து இயக்கினார். முதல் படத்தில் பாதிரியார் கராஸ் ஜன்னல் வழியே விழுந்து படிக்கட்டில் உருண்டு இறந்தார். 15 ஆண்டுகள் கழித்து மனநோய் மருத்துவமனையின் அறை ஒன்றில் கராஸின் முகத்தோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பேசுவதோ மரணதண்டனை அடைந்த தொடர்கொலைகாரன் ஜெமினி. நண்பனை இழந்த துப்பறிவாளர் கிண்டர்மேனுக்கு இருக்கும் பாக்கி இதுதான்: இது அவனா, இல்லையா? ஜார்ஜ் சி. ஸ்காட்டும் பிராட் டூரிஃபும் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதிலேயே முதுகு சில்லிடும்.

மருத்துவமனை நடைபாதைக் காட்சியைத் திகில் படம் எடுக்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும். கேமரா நடைபாதையின் ஒரு கோடியில் அசையாமல் நிற்கிறது. நர்ஸ் தூரத்தில் சின்ன உருவம். முதலில் ஒரு பொய்ப் பயம்: சத்தம் கேட்டு அறைக்குள் போகிறாள், டம்ளரில் பனிக்கட்டி விரிசல்விடும் சத்தம்தான், நோயாளி திடுக்கிட்டு எழுந்து கத்துகிறான். நமக்கு மூச்சு இறங்குகிறது. மறுபடி அதே தூர ஷாட். காவலர் நகர்ந்து போகிறார், கட் வரவில்லை, இசையும் இல்லை. நர்ஸ் ஒரு கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது வெள்ளைப் போர்வை உருவம் பெரிய அறுவைக் கத்தரியோடு பின்னால் வர, அப்போதுதான் கேமரா பாய்கிறது, இசை அலறுகிறது. அடுத்த ஷாட் தலையில்லாத சிலை. ரத்தம் காட்டவே இல்லை. அசையாத ஷாட்டைப் பொறுமையாக நீட்டியதுதான் பயத்தை உண்டாக்குகிறது. இடையில் ஒரு குளோசப் வைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பிளாட்டியின் படத்தில் பேயோட்டும் சடங்கே கிடையாது. தலைப்பில் 'எக்ஸார்சிஸ்ட்' இருக்கும்போது சடங்கு இல்லாமல் எப்படி என்று தயாரிப்புத் தரப்பு மறு படப்பிடிப்பு வைக்கச் சொன்னது. அதனால் ஃபாதர் மார்னிங் என்று ஒரு புதுப் பாத்திரம் முளைத்தது. கிண்டர்மேனோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. வருகிறார், தரை பிளக்கிறது, மின்னல் வெட்டுகிறது. அதுவரை பேச்சால் பயமுறுத்திய படம் திடீரென்று சத்தத்துக்கு மாறுகிறது. 2016-இல் பிளாட்டியின் வடிவத்தைத் திரட்டி 'லீஜன்' என்ற பெயரில் டிஸ்க்காக வெளியிட்டார்கள். மூலக் காட்சிகளின் நெகட்டிவ் கிடைக்காததால் வீஎச்எஸ் பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். படம் அங்கங்கே மங்கும். தியேட்டர் பிரதியை முதலில் பாருங்கள், 'லீஜனை' அடுத்து. 'லீஜனின்' முடிவு சட்டென்று வெட்டுப்படுவதுபோல் இருந்தாலும் அதுதான் கதையின் முடிவு. கராஸின் நண்பர் கையால் முடியவேண்டிய கணக்கு அவர் கையாலேயே முடிகிறது.

டிவி தொடரின் சிக்கல் வேறு. அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று எழுதுகிறவருக்கே தெரியாது. 'ஆல்ஃப்' 1990 மார்ச்சில் அந்த வேற்றுக்கிரகவாசி ராணுவத்திடம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் 'தொடரும்' போட்டது, தொடர் ரத்தானது. ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு டிவி படம் எடுத்தார்கள், அதில் அவனை வளர்த்த குடும்பமே இல்லை. குழந்தைகள் பார்த்த தொடர் அப்படி நின்றது பெரிய அநியாயம்.

'குவாண்டம் லீப்' அதே இக்கட்டில் மாட்டியும் தப்பித்தது. கடந்த காலத்துக்குள் தாவித் தாவி மற்றவர்கள் வாழ்க்கையில் நடந்த தவறுகளைத் திருத்தும் சாம், அவனுக்கு வழிகாட்டும் நண்பர் ஆல், இவர்கள் கதை. ஐந்து சீசன், 1993 மே 5-இல் கடைசி அத்தியாயம். அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டாம் சீசனின் கடைசி அத்தியாயமான 'எம்.ஐ.ஏ.'-வை முந்தின நாள் பார்த்துவிடுங்கள். அதில் வியட்நாமில் சிறைப்பட்ட ஆல், தன் மனைவி பெத் தன்னை இறந்தவனாக நினைத்து இன்னொருவனை மணப்பதைத் தடுக்கச் சொல்லி சாமிடம் மன்றாடுவார். விதி அனுமதிக்காது என்று சாம் மறுப்பான். மூன்று ஆண்டு நின்ற அந்தப் பாக்கியைக் கடைசி அத்தியாயத்தில் சாம் தானே போய்த் தீர்க்கிறான். ஆல் உயிரோடு இருக்கிறார், காத்திரு என்று பெத்திடம் சொல்கிறான். பிறகு வெறும் எழுத்துகள். பெத் மறுமணம் செய்யவில்லை, அவர்களுக்கு நான்கு மகள்கள். அடுத்து, சாம் வீடு திரும்பவே இல்லை என்று ஒரு வரி. அதில் அவன் குடும்பப் பெயரின் கடைசி எழுத்து ஒன்று விடுபட்டிருக்கும். பிழையோடு நிற்கும் அந்த வரியும் கண்ணை நனைக்கிறது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 'எம்.ஐ.ஏ.'-வில் பெத்தும் ஆலும் ஆடும் ரே சார்லஸ் பாட்டு, உரிமைச் சிக்கலால் பழைய டிவிடியில் மாற்றப்பட்டிருக்கிறது. பாட்டு உள்ள பிரதியாகத் தேடுங்கள்.

கடைசியாக பிபிசியின் 'பிளாக்ஆடர் கோஸ் ஃபோர்த்' (1989). முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் நடக்கும் நகைச்சுவை. கடைசிக் காட்சியில் எல்லோரும் குழியிலிருந்து ஏறி எதிரியின் துப்பாக்கிகளை நோக்கி ஓடுகிறார்கள். ஸ்டுடியோ தரையில் போட்ட செட். சில அடி ஓடி விழுவதைப் படம் பிடித்தபோது போலியாகத் தெரிந்தது. எடிட்டிங்கில்தான் காப்பாற்றினார்கள். ஓட்டத்தை ஸ்லோமோஷனாக்கி, தலைப்பு இசையைப் பியானோவில் மிக மெதுவாக இழைத்து, ஓடுகிற உருவங்களை வெற்று நிலத்தில் கரைத்து, அந்த நிலத்தைச் சிவப்புப் பாப்பிப் பூக்களாக மாற்றினார்கள். கடைசியில் பறவைச் சத்தம் மட்டும். வழக்கமான முடிவுப் பாட்டு கிடையாது.

இதிலும் அத்தியாயங்களை வரிசையாகப் பார்த்தால்தான் பலன். பால்ட்ரிக் எப்போதும் ஒரு தந்திரத் திட்டம் இருக்கிறது என்பான், பிளாக்ஆடர் கேட்டுவிட்டுத் திட்டுவார். மேலே ஏறும் முன்பும் பால்ட்ரிக் அதே வார்த்தையைச் சொல்கிறான். பிளாக்ஆடர் இந்த முறை திட்டவில்லை. அது பிறகு ஆகட்டும், என் திட்டத்தைவிட நன்றாகவே இருந்திருக்கும் என்கிறார். விசில் ஊதுகிறது. அந்தத் திட்டம் என்னவென்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை.