அம்மா எரிகோவுக்குப் போகச் சொன்னார்

எருசலேமுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இயேசுவின் கல்லறையைப் பற்றிச் சொல்வார்கள், அவரைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அங்கெல்லாம் முழங்கால் போட்டேன். ஆனால் என்னை அனுப்பிய அம்மா கடைசிப் படுக்கையில் கேட்டது வேறு. "எரிகோவுக்குப் போ. சகேயு ஏறின மரத்துக்குக் கீழ நின்னு லூக்கா 19 வாசிச்சுட்டு வா." அவ்வளவுதான். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின குள்ளமான வரிவசூல்காரன் சகேயுவின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொன்னவர், அந்த ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஆண்டவரிடம் போய் நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்கு வழி திறந்தது.

நான் சின்ன அளவில் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். சபையில் பேசச் சொன்னால் நான் எடுப்பது ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குநூலை ஆண்டவர் கையில் பிடித்து மதில்மேல் நிற்கிற 7ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கை அல்லவா. லஞ்சம் வாங்குகிறவன், எடையில் ஏமாற்றுகிறவன், ஏழையின் வழக்கை இழுத்தடிக்கிறவன் என்று சமுதாயத்தின் ஒவ்வொரு சுவரிலும் நூலை விட்டுக் காட்டுவேன். எல்லாச் சுவரும் சாய்ந்தே இருக்கும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அந்த நூலைக் கர்த்தர் 'என் ஜனத்தின் நடுவே' விடுவேன் என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் ஒருநாளும் அழுத்தி வாசித்ததில்லை.

நாற்பது பேர், ஒரு பேருந்து, கூட எங்கள் போதகர். முதலில் கலிலேயா. கப்பர்நகூமில் கறுப்புக் கல் அஸ்திவாரத்தின்மேல் நிற்கிற வெள்ளைக் கல் ஜெப ஆலயத்தைத் தொட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி விடுமா. மலைப்பிரசங்க மலையில் எட்டுப் பாக்கியவசனங்களுக்காக எட்டுப் பட்டையாகக் கட்டிய ஆலயத்தின் வாசலில் என்னை மத்தேயு 7 வாசிக்கச் சொன்னார்கள். "நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்." நல்ல கணீர்க் குரலில்தான் வாசித்தேன். மனதில் ஒன்றும் தைக்கவில்லை. கீழே ஏரி மின்னிக்கொண்டிருந்தது, போட்டோ எடுக்கப் போய்விட்டோம்.

எருசலேமில் கூட்டம். சொல்லி மாளாது. கல்லறை ஆலயத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரிசை. பின்னால் வந்தவர்கள் கொடி பிடித்த வழிகாட்டியோடு பக்கவாட்டில் நுழைந்து எங்களுக்கு முன்னால் நின்றார்கள். முழங்கை விலாவில் இடித்தது, ஒருவர் என் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை. அந்தப் பளிங்குக் கல்மேல் நெற்றியை வைத்து "ஆண்டவரே" என்று சொல்வதற்குள் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆலயத்தை ஆறு சபைகள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. பெரிய வாசலின் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. கதவைத் திறந்துவிடுவது இன்னொரு முஸ்லிம் குடும்பம். வாசலுக்கு மேலே ஜன்னலோரத்தில் ஒரு மர ஏணி. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கேயே நிற்கிறதாம். எல்லாச் சபைகளும் சம்மதிக்காமல் அதை நகர்த்தக்கூடாது என்று ஏற்பாடு. எங்கள் தொழிலில் ஏணியை வேலை முடிந்த அன்றே இறக்கிவிடுவோம். ஒரே கல்லறையைக் கும்பிடுகிறவர்கள் ஓர் ஏணிக்கு ஒத்துப்போகவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒலிவமலையில் வேறு தொல்லை. ஒட்டகத்தில் ஏறு, கழுதையோடு நின்று படம் எடு, ஒலிவக் கிளை வாங்கு, "ஒன் டாலர், ஒன் டாலர்" என்று பின்னாலேயே வருகிறார்கள். ஜெபிக்கக் கண்ணை மூடினால் காதருகே விலை சொல்கிறார்கள். கையால் செதுக்கியது என்று என் தலையில் கட்டிய சிலுவை, பக்கத்துக் கடையில் ஒரே அச்சாக நூறு கிடந்தது. ஏமாற்றுக்காரர்கள், ஆண்டவர் நடந்த மண்ணிலேயே இப்படியா என்று இரவு வரைக்கும் புலம்பினேன். முறுமுறுப்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இரண்டு நாளில் என்னைத் தேடி வந்தது.

எரிகோ போகிற நாளில் யோர்தானில் தாமதமாகிவிட்டது. ஞானஸ்நானப் படித்துறையில் எங்களுக்கு முன்னால் மூன்று குழுக்கள். உப்புக்கடலுக்கு நேரம் போதாது, எரிகோவை விட்டுவிடலாம் என்றார் வழிகாட்டி. மற்றவர்களும் சரி என்றுவிட்டார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இத்தனை தூரம் வந்தது அதற்குத்தானே? எழுந்து நின்று அம்மாவின் வார்த்தையைச் சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. முன் இருக்கையிலிருந்து ஒரு பெரியம்மா திரும்பி, "தம்பியோட அம்மா ஆசை. கடல்ல கால் மணி நேரம் கம்மியா மிதந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார். கர்த்தர் அந்த அம்மாவை ஆசீர்வதிப்பாராக. பேருந்து திரும்பியது.

எரிகோ கடல்மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே கிடக்கிற ஊர். இறங்கும்போதே வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு பெரிய அடுப்புக்குள் ஊரை வைத்தது போல. மரத்தைச் சுற்றி வேலி. அங்கேயும் கழுத்துத்துணி விற்கிற ஒரு பையன் ஓடிவந்தான், "ஒன் டாலர்." நான் அவனை விரட்டக் கை ஓங்கினேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

அதற்குள் போதகர் மரத்தைக் காட்டினார். அடிமரம் கனத்து, கிளைகள் தாழ்வாகவே பிரிந்து பரவியிருந்தன. குள்ளமானவன் ஏறத் தோதான மரம்தான். "இதுதான் காட்டத்தி. ஆமோஸ் பழம் பொறுக்கினது இந்த ஜாதி மரத்திலதான். உங்க ஆமோஸ் 7லேயே இருக்கு, தூக்குநூலுக்கு ஏழு வசனம் தள்ளி" என்றார் என்னைப் பார்த்து. எத்தனை தரம் பேசியிருக்கிறேன் அந்த அதிகாரத்தை! 14ஆம் வசனம் என் கண்ணில் பட்டதே இல்லை.

நிழலில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன். சகேயுவே, சீக்கிரமாய் இறங்கிவா என்கிற இடம் வரைக்கும் நன்றாகப் போனது. அப்புறம், பாவியான மனுஷனிடம் தங்கப்போனாரே என்று ஜனங்கள் முறுமுறுத்தார்கள் என்று வந்தது. கல்லறை வரிசையில் நின்ற நான், ஒலிவமலையில் புலம்பிய நான், பிரசங்க மேடையில் நிற்கிற நான், எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்தேன். அடுத்த வசனத்தில், "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாக" என்று, நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சகேயு சொல்கிற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. மேலே போக முடியவில்லை. அந்தப் பெரியம்மாதான் வேதாகமத்தை வாங்கி மீதியை வாசித்து முடித்தார்.

அம்மா ஏன் கல்லறைக்குப் போகச் சொல்லவில்லை, ஏன் இந்த மரத்தடிக்கு அனுப்பினார் என்று அப்போதுதான் புரிந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு கொத்தனார் என்னிடம் வேலை பார்த்தார். என்னைவிட மூத்தவர், கை சுத்தம். ஒரு வீட்டு வேலையில் வீட்டுக்காரர் பாதியில் மனம் மாறி, எழுப்பிய சுவரை இடித்து வேறு மாதிரி கட்டச் சொன்னார். இடித்த சுவருக்குப் பணம் தர மறுத்துவிட்டார். அந்த நஷ்டத்தை நான் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. "சுவர் தூக்குக்குச் சரியா இல்ல, அதனாலதான் இடிச்சோம்" என்று கொத்தனாரிடம் சொல்லி அவருடைய மூன்று வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையிலிருந்த தூக்குக்குண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சுவர் சரியாகத்தான் இருந்தது. அளந்து பார்த்தவனே நான்தான். தூக்குநூலைக் கையில் வைத்துக்கொண்டே பொய் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து அம்மா ஒரே ஒரு தரம் கேட்டார், "அந்தக் கொத்தனாருக்குக் கணக்கு முடிச்சியாப்பா?" முடிந்தது என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அந்த இரவு பெத்லகேமில் தூங்கவில்லை. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் ஆமோஸின் ஊரான தெக்கோவா. விளக்கைப் போட்டுக்கொண்டு வேதத்தைப் புரட்டினேன். தானாக அறிக்கை செய்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் 6 சொல்கிறது. எண்ணாகமம் 5லும் அதே கணக்குதான். நாலத்தனை எங்கே இருக்கிறது? ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கு, யாத்திராகமம் 22இல். அப்படியானால் சகேயுவுக்கு ஐந்தில் ஒரு பங்கோடு போயிருக்கும். அவன் தன்னைத் திருடன் என்று எழுதிக்கொண்டான். யாரும் கேட்காமல், தன் வாயால். ஆண்டவர் அவனிடம் கணக்கே கேட்கவில்லையே! உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றுதான் சொன்னார். அந்த அன்பு முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்தது. இதை நினைத்து நினைத்து அழுதேன். தாவீது ராஜாவும், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின பணக்காரனைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையைக் கேட்டு, அந்த ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை கொடுக்கவேண்டும் என்று வேறொருவனுக்குத்தான் தீர்ப்பு எழுதினான். "நீயே அந்த மனுஷன்" என்று பதில் வந்தது. எனக்கும் அன்றைக்கு அதே பதில்தான்.

சமுதாயம் சரியாக இருக்கிறது என்று நான் இப்போது சொல்ல வரவில்லை. நூலை விட்டால் சாய்வு தெரியத்தான் செய்யும். தன் அயலானுக்குக் கூலி கொடாமல் வேலை வாங்கி மாளிகை எழுப்புகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா ராஜாவான யோயாக்கீமைக் குறித்தே சொன்னார். சுவரிலிருந்து கல் கூப்பிடும் என்று ஆபகூக் சொன்னார். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்பது மோசேயின் பிரமாணம். ஒரு ராத்திரி! நான் வைத்திருந்தது பதினோரு வருஷம். நாம் உட்கார்ந்து பாடுகிற வீடுகளில், ஏன், சில ஜெப வீடுகளிலும்கூட, எத்தனை சுவர்களுக்குள் கொடுக்காத கூலி பூசி மூடியிருக்கிறதோ, கர்த்தருக்குத்தான் தெரியும். அதைக் கேட்கிற உரிமை தீர்க்கதரிசிகளுக்கு எப்படி வந்தது என்றும் இப்போது யோசிக்கிறேன். ஏசாயா ஐயோ, அதமானேன் என்று தன் அசுத்த உதடுகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஜனத்தின் உதடுகளைச் சொன்னார். நான் அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

மற்ற இடங்களெல்லாம் எப்படிப் போயின என்று என்னைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. பெத்லகேமில் குனிந்து நுழைகிற அந்தச் சின்ன வாசல் ஞாபகம் இருக்கிறது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதைத் தவிர விமானத்தில் என் வாயில் வேறு ஜெபம் வரவில்லை. என்னைக் கூட்டத்துக்குள் விட்டுவிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே! அந்தப் பெரியம்மாவுக்கு வாய் கொடுத்தாரே, பேருந்தைத் திருப்பினாரே!

திரும்பி வந்த மூன்றாம் நாள் கொத்தனார் வீட்டைத் தேடிப் போனேன். அன்றைய கூலியா, இன்றைய கூலியா என்று வழியெல்லாம் மனம் பேரம் பேசியது. இன்றைய கூலிக்கே கணக்குப் போட்டு, பன்னிரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்தேன். அவர் இப்போது சாரம் ஏறுவதில்லை, முழங்கால் போய்விட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவருடைய மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க, என் மகன் ஒருநாள் வருவான்னு" என்றார்.

கொத்தனார் பணத்தைத் தொடவில்லை. ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "அப்ப, அந்தச் சுவரு தூக்குக்குச் சரியாத்தான் இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு அண்ணே. மயிரிழைகூட விலகல."