அக்கா வீட்டுத் தூசி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் அக்கா வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம்.

சிட்னிக்கு வந்து ஏழு மாதமாகியும் என் கணவருக்கு நிரந்தர வேலை அமையவில்லை. கையிருப்பெல்லாம் வாடகைக்கே போய்க்கொண்டிருந்தது. "இங்க வந்துருங்க, இருந்து வேலை தேடட்டும்" என்றாள் அக்கா. அவள் புரோக்கன் ஹில்லில் நர்ஸ். சிட்னியிலிருந்து சாலை வழியே 1,100 கிலோமீட்டருக்கு மேல். ஜூலையில், நான்கு வயது மகனோடும் மூன்று பெட்டிகளோடும் காரில் கிளம்பினோம். டப்போவில் ஓர் இரவு தங்கினோம். கோபார் தாண்டிய பிறகு செம்மண்ணும் சாம்பல் நிறப் புதர்களும்தான். எங்கள் ஊர்த் தேரிக்காட்டுக்குள் போவது போலவே இருந்தது.

மறுநாள் விடிந்ததும், சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாதே என்று வராந்தாவைப் பெருக்க ஆரம்பித்தேன். இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன். அக்கா ஓடி வந்தாள்.

"ஏட்டி, பெருக்காத! கீழ வை அத."

எனக்குச் சுருக்கென்றது. வந்த முதல் நாளே இப்படியா என்று கண் கலங்கிவிட்டது. அப்புறம் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். இந்த ஊர் மண்ணில் ஈயம் இருக்கிறது. 1883-இல், ஆட்டுப் பண்ணையில் வேலி பார்த்துவந்த சார்லஸ் ராஸ்ப் என்பவர் இங்கே தாதுப் பாறையைக் கண்டுபிடித்தார். வெள்ளி, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த பெரும் படிவம் அது. பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருக்கும் 'பிஎச்' இந்த ஊர்தான். சுரங்கத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. கடைத்தெருவில் நின்றால் கழிவுப் பாறைக் குன்று கண்ணெதிரே தெரியும். தெருக்களின் பெயர்கள்கூட ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்ஃபைடு என்றுதான் போகும்.

காற்றில் வரும் தூசி ஜன்னல் இடுக்கில், தரையில், பொம்மையில் படிகிறது. குழந்தைகள் அதைத் தொட்ட கையை வாயில் வைக்கிறார்கள். சின்ன வயதில் ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெருக்கினால் தூசி எழும்பும். அதனால் ஈரத்துணிதான்.

அவள் துடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். ஜன்னல் விளிம்பில் ஒரே இழுப்பு, அப்புறம் துணியை மடித்து அடுத்த பக்கத்தால் அடுத்த இழுப்பு. எட்டு மடிப்பும் செம்மண் நிறமானதும் அலசுவாள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையிலும் இதைச் செய்துவிட்டுத்தான் படுப்பாள். அவள் பிள்ளைகள் இந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள்.

மழைத்தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றதுதான் எனக்கு ஆறவே இல்லை. கூரைத் தூசியும் சேர்ந்துதானே தொட்டிக்கு வரும்! மழைக்கு ஏங்கும் ஊரில், பெய்த தண்ணீரையும் ஒரு வாய் குடிக்க முடியாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இங்கே ரத்தத்தில் ஈயத்தை இலவசமாகப் பார்க்கிறார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மூன்றாம் மாதம் மகனுக்குப் பார்த்தபோது முடிவு சொல்லும்வரை என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. குறைவாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கஷ்டம் மட்டுமே இல்லை. இந்த ஊர் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தைத்தான் பின்பற்றுகிறது, சிட்னிக்கு அரை மணி பின்னால். அதனால் குளிர்காலத்தில் நம்மூருக்குச் சரியாக நான்கு மணி நேர வித்தியாசம். அம்மாவுக்கு போன் செய்ய எந்தக் கணக்கும் போட வேண்டாம். நிமிட முள் இரண்டு வீட்டிலும் ஒரே இடத்தில் நிற்கும்.

மாதம் ஒருமுறை அத்தான் அரிசி, பருப்பு, நல்லெண்ணெய் வாங்க அடிலெய்டுக்குக் கூட்டிப்போவார். ஐந்நூறு கிலோமீட்டர். வழியில் ஊட்லா விரா சோதனைச் சாவடியில் பழ ஈக்குப் பயந்து பழங்களைத் தாண்ட விடமாட்டார்கள். அதற்கு முன்பே மகன் ஆப்பிளை அவசர அவசரமாகத் தின்றுமுடிப்பான். திரும்பும்போது, கங்காரு குறுக்கே வரும் என்று பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்துவிடுவோம்.

பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஊரில் ஏன் இருக்கிறாள் என்று சொந்தத்திலேயே கேட்டவர்கள் உண்டு. அந்த ஆஸ்பத்திரிக்கும் நர்ஸ் வேண்டும்தானே. அவளோடு இருந்து பார்த்த பிறகு, அப்படிக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டிசம்பரில் இவருக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. இப்போதும் மகன் வெளியிலிருந்து வந்தால் நேரே குழாயடிக்குத்தான் போவான். அக்கா போனில் முதலில் கேட்பது, "சாப்ட்டியா" இல்லை.

"துடைச்சியாட்டி?"