குன்னூர் வீட்டில் ஒரு சப்வூஃபர்

எங்கள் குன்னூர் வீடு பழைய கல்கட்டடம். பாட்டு கேட்கும் அறையின் நீளம் 4.25 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 அதிர்வு) பாதி அலை அறையின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தி, அறையே சேர்ந்து முழங்கும். கனத்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைத்தபோது தவிலின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், ஒரே குழப்பமாகக் கேட்டது அதனால்தான். கல் சுவர் பேஸை, அதாவது கனத்த ஒலியை, விழுங்காது, திருப்பி அனுப்பும்.

அப்புறம் சப்வூஃபரை என் நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்டேன். எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்தால் நாற்காலியிலும் அப்படியே கேட்கும். ஜன்னலுக்கு அடியில், மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. சரி, இதுதான் இடம். கிராஸ்ஓவரையும், அதாவது சப்வூஃபர் எதற்குக் கீழே ஒலிக்க வேண்டும் என்ற எல்லையையும், 80-லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். என் பெரிய ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கித் தாமே தெளிவாகப் பாடும். நேற்று ராத்திரி மழையில் ஒரு நாதஸ்வரக் கச்சேரியை முழுசாகக் கேட்டேன்.